படம் எடுக்க ஆள் இருக்கிறதா?

2010 ஜனவரி 12. மாலை ஐந்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் பாக்கி. ஹைட்டியின் தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸ் குலுங்கியது. நிமிடக்கணக்கு கூட இல்லை, சில நொடிகள்தான். செத்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்றது அரசாங்கம். அதில் பாதிகூட இருக்காது என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

பிழைத்தவர்களின் பிரச்னை வேறு. கை, கால், இடுப்பு, முதுகெலும்பு என்று எங்கே தொட்டாலும் முறிவு. எக்ஸ்ரே பார்க்காமல் எலும்பை எப்படிச் சேர்ப்பது? தலையில் அடிபட்டவனுக்கு உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்காமல் எப்படிச் சொல்வது? எட்டாவது நாள் அமெரிக்கக் கடற்படையின் ஆஸ்பத்திரிக் கப்பல் 'கம்ஃபர்ட்' வந்து நின்றது. அதில் சி.டி. ஸ்கேன் இருந்தது. மார்ச்சில் கப்பல் கிளம்பிவிட்டது. ஸ்கேனும் கூடவே போயிற்று.

உள்ளூரில் ஏன் இல்லை? கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்ட வேண்டும். 1804-ல் பிரான்சை அடித்து விரட்டி, அடிமைகளே அமைத்த நாடு ஹைட்டி. 1825-ல் போர்க்கப்பல்களோடு வந்த பிரான்ஸ், 'எங்கள் சொத்து போனதே, 15 கோடி ஃபிராங்க் எடு' என்றது. சொத்து என்று அவர்கள் சொன்னதில் மனிதர்களும் அடக்கம். பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி. எல்லாம் தீர 1947 ஆயிற்று. நான் பி.காம். படித்தவன். விடுதலை வாங்கியவனே எஜமானனுக்கு நஷ்ட ஈடு கட்டியதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆஸ்பத்திரி கட்ட வேண்டிய பணம் அது.

பூகம்பத்துக்குப் பிறகு உதவி கொட்டியது. ஏழை நாடுகளுக்கு இப்படி வந்து சேரும் மருத்துவக் கருவிகளின் கதி என்ன தெரியுமா? 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் கருவிகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் வேலை செய்வதில்லை என்றது. கரன்ட் ஒத்துவராது. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. எல்லாம் இருந்தாலும் ஓட்ட ஆள் இருக்காது.

ஆளுக்கு எங்கே போவது? அன்று தலைநகரத்தில் இடிந்த கட்டடங்களில் அரசு நர்சிங் பள்ளியும் ஒன்று. மாணவிகள் உள்ளேயே புதைந்தார்கள்.

எக்ஸ்ரே எடுப்பது பட்டனை அமுக்குகிற வேலை என்று நாம் நினைக்கிறோம். உடம்பை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, குழந்தைக்கு எவ்வளவு கதிர், கர்ப்பிணியா என்று கேட்டாயா... எல்லாம் இருக்கிறது. மூச்சை அடக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஹைட்டிக்காரர்களுக்கு கிரியோல்தான் தெரியும். 'பா ரெஸ்பிரே' என்று சொல்லத் தெரியாத வெள்ளைக்கார டெக்னீஷியன் எடுக்கும் படம் கலங்கித்தான் விழும். இரண்டு வாரம் லீவு போட்டு வந்து, ஐந்நூறு படம் தானே எடுத்துத் தள்ளிவிட்டுப் போகும் தொண்டரால் என்ன லாபம்? மூன்றாவது வாரம் ரூம் பூட்டியிருக்கும்.

இதை யோசித்தவர்களில் ஒருவர் டேனியல் மொல்லூரா. அவர் 2008-ல் தொடங்கிய 'ராட்-எய்ட்' அமைப்பு, கருவியை அனுப்புவதற்கு முன்னால் கேள்வித்தாளோடு போகும். கரன்ட் எத்தனை மணி நேரம்? இன்டர்நெட் உண்டா? படிக்கத் தயாராக எத்தனை பேர்? அதற்குப் பிறகுதான் தொண்டர்கள். அவர்களின் வேலை, படம் எடுப்பதைவிட எடுக்கக் கற்றுக்கொடுப்பது. ஹைட்டியும் அவர்கள் போன நாடுகளில் ஒன்று.

தலைநகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் மிர்பாலே. டாக்டர் பால் ஃபார்மரின் 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பு அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் திட்டம் போட்டிருந்தது. பூகம்பம் அதைப் பெரிதாக்கியது. முந்நூறு படுக்கை. கூரையில் சுமார் 1,800 சூரியத் தகடுகள். 2013-ல் திறந்தார்கள். ஏழைகள் போய்ப் படுக்கக்கூடிய சி.டி. ஸ்கேன் உள்ளே இருந்தது. ஹைட்டிப் பையன்களும் பெண்களும் அதை ஓட்டினார்கள்.

2015 மே மாதம் அதே ஆஸ்பத்திரியில் வயிறு ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிரித்தார்கள். ஹைட்டியில் அதுதான் முதல் தடவை. அறுவை சிகிச்சைக் குழுவுக்குத் தலைமை ஹென்றி ஃபோர்ட், ஹைட்டியில் பிறந்து அமெரிக்காவில் டாக்டரானவர். ஒட்டியிருப்பது தோலா, ஈரலா, குடலா? கத்தியை எடுக்கும் முன்பு இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். குழந்தைகள் இரண்டும் பிழைத்தன.

2022 பிப்ரவரியில் பால் ஃபார்மர் ருவாண்டாவில் காலமானார். தலைநகரத்தைத் தெருத் தெருவாகப் பிடித்துக்கொண்டிருந்த ஆயுதக் கும்பல்கள் 2025 மார்ச் 31 அன்று மிர்பாலேவுக்குள் புகுந்தன. முதல் வேலையாகச் சிறையை உடைத்தன. சுமார் ஐந்நூறு கைதிகள் வெளியே வந்தார்கள். ஊர் காலியானது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். ஏப்ரலில் மிர்பாலே ஆஸ்பத்திரி வேலையை நிறுத்தியது. பன்னிரண்டு வருடம் பழகிய டெக்னீஷியன்களும் மற்றவர்களோடு கிளம்பினார்கள். ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.