ஏவலும் மறுமொழியும்

மட்டக்களப்பின் மேற்கே, கரடியனாற்றைச் சூழ்ந்த வயல்நிலங்களிலே, குளத்து நீரைப் பங்கிடும் முறை பழமை வாய்ந்தது. நீர் விடும் நாளை விவசாயிகள் கூடித் தீர்மானிப்பர். அத்தீர்மானத்தை நினைவில் வைத்து, துருசு உரிய வேளையில் திறக்கப்படுவதை மேற்பார்ப்பவர் வட்டவிதானை. தீர்மானித்தல் ஒரு தொழில். நிறைவேற்றல் மற்றொரு தொழில். இவ்விரண்டையும் வீட்டினுள்ளே இரு பொறிகளிடம் பகிர்ந்தளித்த வரலாறு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது.

1966ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்துப் பொறியியலாளர் ஜிம் சதர்லாந்து, எஞ்சிய உதிரிப்பாகங்களைக் கொண்டு 'எக்கோ 4' என்னும் கணினியைத் தம் வீட்டிலேயே அமைத்தார். வீட்டுக் கடிகாரங்களை இயக்கிய அப்பொறியின் நிறை ஏறத்தாழ 360 கிலோகிராம். ஒரு குடும்பத்தின் பணிக்கு அது மிகப் பெரிது.

வழியை எளிதாக்கியது ஸ்கொட்லாந்து. அங்கே 1975இல் பைக்கோ எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் 'எக்ஸ் 10' முறையை வகுத்தது. புதுக் கம்பிகள் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மின்கம்பியே தூதுவன். மாறுமின்னோட்டத்தின் அழுத்தம் சுழியைத் தொடும் கணந்தோறும் சிறு துடிப்பொன்று அனுப்பப்படும், அல்லது அனுப்பாது விடப்படும். இவ்விரு குறிகளாலும் கட்டளை உருவாகும். 16 வீட்டுக் குறியீடுகளும், ஒவ்வொன்றின் கீழும் 16 கருவி எண்களுமாக, மொத்தம் 256 முகவரிகள்.

1982இல் வெளிவந்த கொமடோர் 64 போன்ற கணினிகள் பல இல்லங்களை எட்டின. அதன் பின்னரே 'சிபி 290' என்னும் கட்டளைப் பெட்டி தோன்றியது. கணினியின் இணைப்புவாயிலிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்குச் செல்லும். அதன்வழி நொடிக்கு 600 பிட் வேகத்தில் நேரஅட்டவணை கடத்தப்படும். பெட்டி தன் கடிகாரத்தோடு 128 கட்டளைகள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னர்க் கணினியை அணைத்துவிடலாம். அந்தி வேளையில் விளக்கை ஏற்றும் பொறுப்பு பெட்டியுடையது. மின்சாரம் தடைப்படினும் மின்கலம் அதன் நினைவைக் காத்தது.

இவ்வளவு திறமை இருந்தும் ஒரு குறை நின்றது. பெட்டி கட்டளையிடுமேயன்றி, அது நிறைவேறிற்றா என அறியாது. வேறு மின்கருவிகளின் இரைச்சல் துடிப்பை விழுங்கிவிட்டால், விளக்கு எரியாமலே இருக்கும். பெட்டியோ தன் கடன் முடிந்ததென்றே கொள்ளும். அயல்வீட்டாரும் அதே குறியீட்டைத் தெரிந்தெடுத்திருந்தால், ஒரு வீட்டின் ஏவல் மறுவீட்டு விளக்கை அணைத்தலும் கூடும்.

வயலிலோ நிலைமை வேறு. துருசு திறந்தமை மட்டும் போதாது. கடைசி வரம்பு வரை நீர் சென்றதா என்பதை ஒருவர் நடந்து சென்று காண வேண்டும். காணாதுவிடின் கடைவயற் பயிர் வாடும். இல்லத்திலும் விளக்கு எரியாமை சிறு இழப்பே. கொதிகலனோ நீரேற்றும் பொறியோ அணையாமை பேரிழப்பாகும்.

அதனாலேயே பின்னர் வந்த எக்ஸ் 10 கருவிகளுட் சில, தம் நிலையைத் திருப்பிச் சொல்லும் ஆற்றலைப் பெற்றன. இன்றும் ஆர்வலர் சிலர் பழைய கணினிகளைப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு இணைத்து மகிழ்கின்றனர். நாற்பதாண்டுக்கு முந்திய பொறியின் கட்டளை இன்றும் விளக்கை ஏற்றுவது வியப்பன்று. ஏற்றிய விளக்கு எரிகின்றதெனும் செய்தி அப்பொறிக்கு மீள்வதே, அந்நாள் முறையில் இல்லாதிருந்த முன்னேற்றமாகும்.