பழைய மகிழுந்தை மின்சாரத்துக்கு மாற்றுதல் (வரலாறு)

பெட்ரோலில் ஓடிய மகிழுந்தின் எந்திரத்தை அகற்றி, அதன் இடத்தில் மின்மோட்டாரையும் மின்கலங்களையும் பொருத்தி மீண்டும் ஓடச் செய்வது மின்சார மாற்றம் எனப்படுகிறது. அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியிலிருந்து மாணவர்களும் ஆர்வலர்களும் இப்பணியைத் தம் சொந்த முயற்சியாக, பெரும்பாலும் வீட்டுக் கொட்டகைகளிலேயே செய்துவந்தனர். பெரிய நிறுவனங்கள் மின்சார மகிழுந்தைக் கைவிட்டிருந்த காலத்தில் அந்த நுட்பம் அழியாமல் நின்றதில் இவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

பின்னணி

1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஓடிய மகிழுந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் இயங்கியவை. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்ததும் பெட்ரோல் வண்டியின் விலை குறையத் தொடங்கியது. 1912-இல் காடிலாக் வண்டியில் மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்றதால், கைப்பிடியைச் சுழற்றி எந்திரத்தைக் கிளப்பும் தொல்லையும் நீங்கியது. டெட்ராய்ட் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் 1930-களின் முடிவோடு மறைந்தன.

1959-இல் ரெனோ டாஃபின் வண்டியின் உடலில் மின்மோட்டாரைப் பொருத்தி 'ஹென்னி கிலோவாட்' என்ற மகிழுந்து விற்பனைக்கு வந்தது. நூற்றுக்கும் குறைவான வண்டிகளே உருவாயின. ஆயினும் வேறொரு வண்டியின் உடலை எடுத்து மின்வண்டி செய்ய முடியும் என்பதை அது காட்டியது. 1967-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வால்டர் லாஸ்கி என்பவர் மின்மகிழுந்துச் சங்கம் (எலக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷன்) ஒன்றைத் தொடங்கினார்.

1968-ஆம் ஆண்டுப் பந்தயம்

அக்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் புகைமூட்டத்தால் திணறிக்கொண்டிருந்தது. அருகிலுள்ள பாசடேனாவில் கால்டெக் கல்வி நிறுவன மாணவராக இருந்த வாலி ரிப்பல், 1958-ஆம் ஆண்டு தயாரான தமது ஃபோக்ஸ்வாகன் வேனை மின்சாரத்துக்கு மாற்றினார். பின்னர் நாட்டின் மறுகரையிலிருந்த எம்.ஐ.டி. மாணவர்களைப் பந்தயத்துக்கு அழைத்தார். அவர்களோ ஜெனரல் மோட்டார்ஸ் வழங்கிய புதிய கார்வேர் வண்டியை மாற்றியமைத்தனர். கால்டெக் வேனில் ஈய-அமில வகைக் கலங்கள் இருந்தன, எம்.ஐ.டி. வண்டியில் விலை மிக உயர்ந்த நிக்கல்-காட்மியம் கலங்கள் இருந்தன.

1968 ஆகஸ்ட் 26 அன்று இரு வண்டிகளும் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டன. ஒவ்வொரு அணியும் மற்ற அணியின் கல்லூரி வளாகத்தை அடைய வேண்டும். சுமார் 5,300 கிலோமீட்டர் வழியில் 54 இடங்களில் மின்னேற்றும் வசதி செய்யப்பட்டிருந்தது. சூடேறிய கலங்களைக் குளிர்விக்கப் பனிக்கட்டி பயன்பட்டது. இரு வண்டிகளும் வழியில் பழுதடைந்தன. எம்.ஐ.டி. வண்டி முதலில் சேர்ந்துவிட்டது. ஆனால் கடைசிக் கட்டத்தில் அதை இழுத்துச் செல்ல நேர்ந்தது. இழுத்துச் சென்றதற்கான தண்டனை நேரத்தைக் கூட்டிக் கணக்கிட்டபோது, சுமார் 210 மணி நேரத்தில் ஓடி முடித்த கால்டெக் அணி அரை மணி நேர வேறுபாட்டில் வென்றது. பத்தாண்டு பழைய வண்டியும் எளிய கலங்களும் ஒரு கண்டத்தையே கடந்தது பலருக்கு நம்பிக்கை தந்தது.

வீட்டுப் பட்டறைகள்

1973-இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு, பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் உருவானபோது மாற்றும் முயற்சிகள் பெருகின. மின்வண்டி ஆய்வை ஊக்குவிக்க 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஆர்வலர்கள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் மோட்டார்களையும், கழித்துவிடப்பட்ட விமான ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர்களையும், கோல்ஃப் வண்டிகளின் 6 வோல்ட் கலங்களையும் வாங்கிப் பயன்படுத்தினர். எடை குறைந்ததும் அமைப்பில் எளியதுமான ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பலரின் தேர்வாக இருந்தது.

மாற்றும் முறையில் எந்திரம், பெட்ரோல் தொட்டி, புகைக்குழாய், ரேடியேட்டர் ஆகியவை நீக்கப்படும். கியர் பெட்டி பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனுடன் மோட்டாரை இணைக்க, துல்லியமாகக் கடைந்த உலோகத் தட்டு ஒன்று தேவை. தண்டுகள் இம்மியளவு விலகினாலும் அதிர்வு ஏற்பட்டுத் தாங்கிகள் தேயும். எந்திரத்தின் உறிஞ்சுவிசையால் வலுப்பெறும் பிரேக்குக்குத் தனி வெற்றிடப் பம்பு வேண்டும். கலங்களின் சுமையைத் தாங்க ஸ்பிரிங்குகளையும் வலுப்படுத்த வேண்டும். நூறு வோல்ட்டையும் தாண்டக்கூடிய நேர்மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தானது என்பதால் முறையான காப்பு இன்றியமையாதது.

மின்கலத்தின் எல்லை

ஈய-அமிலக் கலம் கிலோவுக்குச் சுமார் 35 வாட்-மணி ஆற்றலையே சேமிக்கும். 500 கிலோ கலங்களை ஏற்றினாலும் கிடைப்பது ஏறத்தாழ 17 கிலோவாட்-மணி, அதாவது 2 லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல். பெட்ரோல் எந்திரம் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது. மின்மோட்டாரோ பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. அதனால்தான் அக்கால வண்டிகளால் ஒரு மின்னேற்றத்தில் 60 முதல் 100 கிலோமீட்டர் வரையாவது ஓட முடிந்தது.

பிற்கால விளைவுகள்

ரிப்பல் பின்னாளில் ஏரோவைரன்மென்ட் நிறுவனத்தில் சேர்ந்து, ஜெனரல் மோட்டார்ஸின் இவி1 மின்மகிழுந்து உருவாக உழைத்தவர்களில் ஒருவரானார். அதன்பின் டெஸ்லாவிலும் பணியாற்றினார். லித்தியம்-அயனி கலங்கள் பரவிய பிறகு, விபத்தில் சிக்கிய மின்மகிழுந்துகளின் மோட்டார்களும் கலங்களும் பழைய வண்டிகளில் மறுவாழ்வு பெறுகின்றன. 2020-இல் பிரான்சு, ஐந்தாண்டு கடந்த மகிழுந்துகளை மாற்றுவதற்கு விதிகளை வகுத்தது. 2021-இல் தில்லி அரசு, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை ஏற்பு பெற்ற கருவித்தொகுப்புகளால் மின்சாரத்துக்கு மாற்றிப் பயன்படுத்த அனுமதிப்பதாக அறிவித்தது. ஆர்வலர்கள் கொட்டகைகளில் தொடங்கிய வேலை இவ்வாறு அரசு விதிகளுக்கு உட்பட்ட தொழிலாக வளர்ந்துள்ளது.