மின்விளக்கின் கணக்கு ஏடு

பிழைப்பை நாடி வெளிமாநிலம் சென்ற குடும்பத்துக்குச் சொந்த ஊர்க் கடிதம் தவறினாலும் தவறும்; மின்சாரக் கட்டணச் சீட்டு தவறுவதில்லை. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவர் இல்லங்களுக்கும் அது முறையாக வந்து சேர்கிறது. அச்சீட்டிலுள்ள விலையை நிர்ணயித்தவர் யார்? எந்தக் கணக்கைக் கொண்டு நிர்ணயித்தார்? அக்கணக்கு ஏட்டை நாம் புரட்டிப் பார்க்கலாமா? இக்கேள்விகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயங்கள் சில இந்நகரிலேயே எழுதப்பட்டன.

மின்விளக்குக்கென்று வங்காள அரசு 1895-இல் ஒரு சட்டம் இயற்றியது. 1897 ஜனவரி 7-ஆம் நாள் கில்பர்ன் கம்பெனியார், தாம் முகவராயிருந்த கம்பெனியின் பொருட்டு, இந்நகருக்கு மின்சாரம் வழங்க 21 ஆண்டுகளுக்கு உரிமம் பெற்றனர். அக்கம்பெனியே விரைவில் கல்கத்தா எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பொரேஷன் என்று பெயர் மாறிற்று. 1899 ஏப்ரல் 17-இல் இமாம்பாக் சந்தில் முதல் மின் உற்பத்தி நிலையம் இயங்கத் தொடங்கியது. 1902-இல் குதிரைகள் இழுத்த டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறின. விளக்கு எரிந்தது இங்கே. கம்பெனியின் தலைமையிடமோ இலண்டனில். அந்நிலை 1970 வரை நீடித்தது.

ஆயினும், கணக்கை ஊரார் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலச் சட்டத்திலும் அறவே இல்லாமல் போகவில்லை. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தை எடுத்துப் பார்ப்போம். உரிமம் கேட்பவர் அதனை விளம்பரப்படுத்த வேண்டும். மூன்று மாதங்களுக்குள் வரும் ஆட்சேபங்களை அரசு ஆராய்ந்த பிறகே உரிமம் வழங்கலாம் என்று அது விதித்தது. ஆண்டுக் கணக்கின் படிகளைக் கம்பெனி தன் அலுவலகத்தில் வைத்திருந்து, கேட்போருக்கு ஐந்து ரூபாய்க்கு மேற்படாத விலையில் விற்க வேண்டும் என்றும் சொல்லிற்று. இங்கே ஒரு சிறு வேடிக்கை உண்டு. இதற்கு முன்மாதிரியான 1882-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தில் அவ்விலையின் உச்சவரம்பு ஒரே ஒரு ஷில்லிங். அந்நாளைய நாணய மாற்றில் நம் ஐந்து ரூபாயோ ஆறு ஷில்லிங்குக்கும் மேல்! கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியை உயர்த்திக் கட்டியது போன்றது இது. ஐந்து ரூபாய் கொடுத்து அவ்வேட்டை வாங்கக்கூடிய குமாஸ்தா அன்று கல்கத்தாவில் எத்தனை பேர் இருந்திருப்பார்?

மேலும், ஆட்சேபம் சொல்லும் உரிமை உரிமம் வழங்கும் வேளைக்கே உரியது; விலையை உயர்த்தும் வேளைக்கு அன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் இலாபத்துக்கு வரம்பு கட்டியது. கட்டணத்தை உயர்த்துமுன் அரசுக்கும் மின்வாரியத்துக்கும் அறுபது நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்றது. கட்டணம் செலுத்துபவனுக்கு அவ்வறிவிப்பில் இடமில்லை.

கேட்பதற்கு மன்றம் இல்லாதபோது மக்கள் எங்கே கேட்பார்கள்? தெருவிலேதான் கேட்பார்கள். 1953 ஜூலையில் டிராம் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்தபோது கல்கத்தா கொதித்தெழுந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். டிராம் கம்பெனியும் இலண்டனைச் சேர்ந்ததே. இறுதியில் பழைய கட்டணமே திரும்பிற்று. அந்த ஒரு பைசா தேவைதானா என்பதைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட நகரத்தாருக்கு வழி இருக்கவில்லை.

அவ்வழி 1998-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டத்தால் பிறந்தது. மறு ஆண்டு மேற்கு வங்காளத்தில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2001 நவம்பரில் அது நமது பழைய கம்பெனிக்குக் கட்டணம் நிர்ணயித்து ஆணையிட, கம்பெனி உயர்நீதிமன்றத்தை அணுகியது. நுகர்வோருக்கெல்லாம் வரையறையின்றிச் செவிசாய்க்கச் சட்டம் இடந்தரவில்லை என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் கருதிற்று. இலட்சக்கணக்கானவர் வந்து நின்றால் விசாரணை எப்படி நடக்கும் என்ற அச்சமே இதன் அடியில் இருந்தது. 2002 அக்டோபர் 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. கேட்கப்படும் உரிமையை நுகர்வோருக்குச் சட்டமே அளித்திருக்கிறது. யார் எவ்வாறு பேசுவது என்பதை ஆணையம் ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம். நாடு முழுவதற்கும் பயன்பட்ட இத்தீர்ப்பு ஒரு கல்கத்தா வழக்கின் விளைவு என்பதை இந்நகரத் தமிழர் நினைவில் கொள்ளலாம்.

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. கட்டண விண்ணப்பத்தின் சுருக்கத்தைக் கம்பெனி வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆராய்ந்து, விண்ணப்பம் கிடைத்த 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு கூற வேண்டும். நல்லதுதான். ஆனால் நாளிதழின் ஒரு மூலையில் வரும் சுருக்கத்தைக் கொண்டு யார் என்ன ஆட்சேபிக்க இயலும்? நிலக்கரி எவ்வளவு எரிந்தது, எவ்விலைக்கு வாங்கப்பட்டது, வழியில் எவ்வளவு மின்சாரம் இழப்பாயிற்று என்பனவெல்லாம் முழு விண்ணப்பத்தில் அல்லவா இருக்கின்றன! அதனைக் காண அலுவலகத்துக்கு நேரில் செல்ல வேண்டுமானால், நாட்கூலிக்காரர் ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். ஐந்து ரூபாயின் இடத்தில் இன்னொரு வாசற்படி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இணையம் உடைத்தது இந்த வாசற்படியைத்தான். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அலுவலகங்கள் தம் ஆவணங்களைப் பட்டியலிட்டு, தக்கவற்றைக் கணினியில் ஏற்றி, வலைப்பின்னலில் இணைக்க வேண்டும் என்று பணித்தது. ஆணையத்தின் கட்டண ஆணைகளும் விதிமுறைகளும் அதன் இணையதளத்தில் ஏறின. கொல்கத்தாவில் கட்டணம் செலுத்தும் தந்தைக்காகச் சென்னையிலிருக்கும் மகள் அவற்றை இரவு பத்து மணிக்கும் படிக்கலாம்.

ஏற்றியதை இறக்கிவிடவும் முடியும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அந்நாட்டு மைய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், எரிசக்தி அமைப்புகளின் விவரங்கள் அடங்கிய ஆவணங்களை அடுத்த மாதமே பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றியது. பாதுகாப்பு கருதிச் செய்ததில் நியாயம் உண்டு. என்றாலும் எது பாதுகாப்பு இரகசியம், எது வெறும் கணக்கு என்று பிரிக்கும் அதிகாரம் ஆவணத்தை வைத்திருப்பவரிடமே இருந்தது.

நம் நாட்டில் சங்கடம் வேறு வகையானது. பல ஆணையங்களின் தளங்களில் ஆவணங்கள் தாளை நிழற்படம் பிடித்தாற்போலக் கிடக்கின்றன. ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. எண்களைக் கூட்டிப் பார்க்கவும் இயலாது. மொழியோ பெரும்பாலும் ஆங்கிலம். இவ்வகையில் அடுத்த வீட்டு வங்காளிக்கும் நமக்கும் வேற்றுமையே இல்லை.

இருப்பினும் தொடங்குவதற்கு ஓர் இடம் சொல்லலாம். மாதந்தோறும் மாறும் செலவுக்காக ஒரு தொகை கொல்கத்தாச் சீட்டுகளில் பல ஆண்டுகள் தனி வரியாக இடம்பெற்றிருந்தது. எரிபொருள் விலையோடு ஏறி இறங்கும் இத்தகைய தொகையைக் கணக்கிடும் சூத்திரம் ஆணையத்தின் கட்டண விதிமுறைகளில் இருக்கிறது. பழைய சீட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் சரிபார்க்க முயலுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் அதற்குச் செலவாகும்.