கருங்காட்டுத் தெப்பத் தொழில்

ஒல்லாந்து தேசத்து நகரங்கள் பல சேற்றுநிலத்தின் மேல் எழுந்தவை. அத்தகைய நிலத்திற் கட்டடம் எழுப்புமுன் மரக்கம்பங்களை நெருக்கமாக அறைந்திறக்குதல் அங்குள்ளார் வழக்கம். 1648ஆம் ஆண்டிலே தொடங்கிய அம்ஸ்ரர்டாம் நகர மண்டபம் ஒன்றுக்கே 13,659 கம்பங்கள் வேண்டியிருந்தன. கப்பல்களுக்கு வேண்டிய மரம் இதற்குப் புறம்பு. காடு குன்றிய அந்நாட்டார், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காட்டு மரங்களைப் பெரிதும் நாடினர்.

கருங்காட்டில் தெப்பத் தொழில் அதற்கும் முந்தியது. முர்க் ஆற்று மரவணிகர் கூட்டத்தின் விதிகள் 1488ஆம் ஆண்டிலேயே எழுத்துருப் பெற்றன. மலையாறுகளோ ஒடுங்கியவை, ஆழமற்றவை. ஆதலின் அணை கட்டி நீரைத் தேக்கி, மதகைத் திறந்து, பாயும் வெள்ளத்தோடு தெப்பத்தை விடுத்தனர். மரங்களின் நுனிகளைத் துளைத்துப் பிணைத்தற்கு இரும்பு வேண்டப்படவில்லை. இளங்கொம்புகளை ஊறவைத்து, அடுப்பிற் சூடேற்றி, கம்பமொன்றிற் சுற்றி முறுக்கினால் அவை கயிறுபோல் வளையும். இப்பிணைப்பு நெகிழ்ந்து கொடுப்பதால், பல துண்டங்கள் சேர்ந்த நெடுந்தெப்பம் பாம்புபோல் ஆற்றின் வளைவுகளிற் சென்றது. கின்சிக் ஆற்றிற் சில தெப்பங்கள் 600 மீட்டர் வரை நீண்டன.

தெப்பத்தைச் செலுத்துதலினும் அதனைத் தடுத்தலே அரிது. முன்துண்டம் தட்டி நிற்கப் பின்துண்டங்கள் அதன்மேல் ஏறுமாயின் மரமும் மனிதரும் ஒருங்கே நசுங்குவர். அதனால் பின்னின்றவன் தடித்த மரமொன்றை ஆற்றின் அடியில் ஊன்றி உராய்வித்து, வாலைப் பின்னிழுத்தவாறே சென்றான். கூலியாளின் உயிர் அவன் கைவன்மையிலேயே தங்கியிருந்தது. ஊதியத்தின் பெரும்பகுதியோ வணிகரைச் சேர்ந்தது.

றைன் நதியில் இச்சிறு தெப்பங்கள் இணைந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கானோர் தங்கி உண்டு உழைக்கும் மிதக்கும் ஊர்களாயின. டோர்ட்றெக்ற் நகரில் அவை குலைக்கப்பட்டு விற்பனையாயின. தெப்பமே ஊர்தி, தெப்பமே சரக்கு. மீண்டவர் கால்நடையாகவே மலையேறினர்.

இருப்புப்பாதையே இத்தொழிலை மாய்த்தது என்பர். 1886இல் கின்சிக் பள்ளத்தாக்கினூடே புகைவண்டிப் பாதை நிறைவெய்தியதும், அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வாற்றிலே தெப்பங்கள் நின்றதும் உண்மையே. ஆயினும் காடு அதன் முன்னரே தேய்ந்திருந்தது. மொட்டையான குன்றுகளிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புதுமரம் நடவேண்டியதாயிற்று. அங்ஙனம் நட்டவற்றுட் பெரும்பாலானவை விரைந்து வளரும் ஊசியிலை மரங்கள். பழைய கலப்புக்காடு பலவிடங்களில் மீளவில்லை.

நாகோல்ட் ஆற்றில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் முடிவுற்றது. 2022இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் ஜேர்மனி முதலிய ஆறு நாடுகளின் தெப்பத் தொழிலை மரபுச் செல்வமெனப் பதிவு செய்தது. சில்ராக், வொல்பாக் முதலிய ஊர்களில் ஆர்வலர் இன்றும் கொம்பு முறுக்கித் தெப்பம் பிணைக்கின்றனர்.