8.33 சதவீதத் தீபாவளி

அமெரிக்காவில் இருக்கும் டீம் லீட் ஒருவர் போன டிசம்பரில் மீட்டிங் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "உங்க ஊர்ல கிறிஸ்துமஸுக்கோ தீபாவளிக்கோ ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பட்ஜெட் வைப்பீங்க?" அவர் வீட்டில் தலைக்கு இவ்வளவு டாலர் என்று கணக்குப் போட்டு, மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக வருமாறு எக்ஸெல் ஷீட் வைத்திருக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மகளுக்கு நான் செலவழிப்பதைச் சொல்லிவிடலாம். எனக்கு என் அப்பா எவ்வளவு செலவழித்தார்?

இந்தக் கேள்விக்குப் பதில் ராஜபாளையம் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். 1983 முதல் 1994 வரை அவர் எழுதிய வரவு செலவு நோட்டுகள் பன்னிரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் ஒரு பக்கம் தனியாக 'தீபாவளி'. துணி, தையல் கூலி, பட்டாசு, நல்லெண்ணெய், கடலை மாவு, அத்தை வீட்டுக்குக் கொடுத்தது. பிள்ளைகளுக்கான செலவு என்று பார்த்தால் துணியும் பட்டாசும்தான். பொம்மை என்ற சொல் பன்னிரண்டு வருடத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. பொம்மை வேண்டுமென்றால் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது தேரடிக் கடையில் அழுது வாங்க வேண்டும். அது நோட்டில் ஏறாத சில்லறைச் செலவு.

ஒவ்வொரு தீபாவளிப் பக்கத்திலும் முதல் வரி 'போனஸ் வரவு'. பக்கத்திலேயே சிறிய எழுத்தில் அந்த வருடச் சதவீதம். நானும் என் பங்குக்கு எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் ஏற்றிப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் வளர வளரத் துணிச் செலவு கூடியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. செலவு சதவீதத்தைத்தான் பின்தொடர்கிறது. சதவீதம் ஏறிய வருடம் ஆளுக்கு இரண்டு செட். இறங்கிய வருடம் எனக்கும் தம்பிக்கும் ஒரே பீஸில் கிழித்த சட்டை, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டித் தைத்தது. (பன்னிரண்டே புள்ளிகளை வைத்துத் தொடர்பு என்று பேசினால் காலேஜில் எனக்குப் புள்ளியியல் எடுத்தவர் அடிக்க வருவார். இருந்தாலும் வரைபடம் வரைபடம்தானே.)

அப்படியானால் என் சட்டையைத் தீர்மானித்தது யார் என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

போனஸ் இங்கே பிறந்ததல்ல. முதல் உலகப்போரில் பம்பாய், அகமதாபாத் மில்களுக்கு லாபம் கொட்டியபோது 1917ல் 'போர் போனஸ்' என்று 10 சதவீதம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் 15. போர் முடிந்து லாபம் வற்றியதும் நிறுத்தினார்கள். 1924 தொடக்கத்தில் பம்பாய் மில்கள் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்தன. போனஸ் உரிமை இல்லை, முதலாளி மனமிருந்தால் கொடுப்பது என்றுதான் அப்போது விசாரித்த குழு சொன்னது. 1950ல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தது. லாபத்தில் தேய்மானம், வரி, முதலுக்கான வருமானம் எல்லாம் கழித்து மீதியில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு. இனாமாக இருந்தது கணக்காக மாறிய இடம் இது.

அதோடு இன்னொரு ஓடையும் ஓடிவந்தது. பண்டிகை போனஸ். வங்காளத்தில் துர்கா பூஜைக்கு, கேரளத்தில் ஓணத்துக்கு, நம்மிடம் தீபாவளிக்கு. லாபமோ நஷ்டமோ, வருடாவருடம் பூஜைக்குக் கொடுத்துவந்தால் அது வழக்கப்படியான உரிமையாகலாம் என்று 1959ல் கிரஹாம் டிரேடிங் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1961ல் மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன். 1965ல் போனஸ் சட்டம். அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பூஜை போனஸை அந்தப் பெயரிலேயே குறிப்பிடுகிறது. பண்டிகைக்கு ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. டெல்லியில் எழுதிய நிதிச் சட்டத்துக்குள் பண்டிகை வந்து உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சட்டம் வகுத்த குறைந்தபட்சம் 4 சதவீதம். லாபம் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். 1972ல் அது 8.33 ஆனது. இந்த எண் ஏன் இப்படி விநோதமாக இருக்கிறது என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. 100ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதச் சம்பளம், அவ்வளவுதான்.

1975 செப்டம்பரில், நெருக்கடி நிலைக் காலத்தில், அவசரச் சட்டம் போட்டு இந்தக் குறைந்தபட்சத்தை மறுபடி 4க்கு இறக்கினார்கள். அந்த வருடத் தீபாவளி நவம்பர் தொடக்கத்தில். நடுவில் சில வாரங்கள்தான். அப்போது அப்பா மில்லில் சேர்ந்து கொஞ்ச காலம், அக்கா கைக்குழந்தை. 1975க்கு நோட்டு இல்லாததால் போனில் கேட்டேன்.

"அந்த வருசமா? உங்க அக்காவுக்கு மட்டும் ஒரு கவுன் எடுத்தோம். எங்களுக்கு எடுக்கல. கேக்கவும் முடியாது தம்பி, அப்ப யாரு கேக்க முடியும்?"

1977ல் ஆட்சி மாறியது. 8.33 திரும்பி வந்தது.

காலண்டர் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டப்படி கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிக்கு நவம்பர் 30 கடைசி நாள். தீபாவளி அக்டோபர் நடுவுக்கு முன்னும் வராது, நவம்பர் நடுவுக்குப் பின்னும் வராது. எப்போதும் கெடுவுக்குள். கிறிஸ்துமஸ் எப்போதும் கெடு தாண்டி.

எங்கள் எதிர்வீட்டு அக்கா குடும்பம் சி.எஸ்.ஐ. அவர் வீட்டுக்காரரும் அப்பா மில்தான். அவர்களுக்கும் போனஸ் தீபாவளிக்குத்தான் வரும். அந்தப் பணத்தை இரண்டு மாதம் கையில் வைத்திருப்பது நடக்கிற காரியமா? அக்கா தீபாவளித் தள்ளுபடியிலேயே மூன்று பிள்ளைகளுக்கும் துணி எடுத்து, அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். நாங்கள் புதுச்சட்டையோடு தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுப் பையன் (என் வகுப்புதான்) தன் சட்டை என்ன கலர் என்று தெரிந்தும் போட முடியாமல் நிற்பான். டிசம்பர் 25 அன்று கோயிலுக்குக் கிளம்பும்போது அந்துருண்டை வாசனை எங்கள் வாசல் வரை வரும். அவர்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸ் என்றால் துணிதான். மரத்தடியில் சுற்றிவைத்த பரிசெல்லாம் நாங்கள் சினிமாவில் பார்த்தது. கேரல் ரவுண்ட்ஸில் வரும் கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுப்பார், எங்களுக்கும் சேர்த்து.

மேற்கிலேயேகூட அந்த மரத்தடிப் பரிசு அப்படி ஒன்றும் ஆதிகாலத்து வழக்கமல்ல. ஸ்டீபன் நிசன்பாம் 1996ல் வெளிவந்த 'தி பேட்டில் ஃபார் கிறிஸ்துமஸ்' என்ற புத்தகத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பழைய கிறிஸ்துமஸில் ஏழைகளும் வேலைக்காரர்களும் பணக்காரர் வீட்டு வாசலில் வந்து பாடி, உரிமையோடு கேட்டு வாங்கிப் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நியூயார்க் போன்ற ஊர்களில் வசதியான குடும்பங்கள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, வேலைக்காரன் இருந்த இடத்தில் சொந்தப் பிள்ளையை வைத்தன என்பது அவர் வாதம். நம்மிடம் கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை என்று தோன்றுகிறது. தபால்காரருக்குத் தீபாவளி இனாம் இன்றும் உண்டு. முதலாளியிடமிருந்து தொழிலாளிக்கு வருவதும், தொழிலாளியிடமிருந்து பிள்ளைக்குப் போவதும் ஒரே வாரத்தில் நடக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜவுளிக் கடைகளில் போனஸ் போட்ட அன்று சாயங்காலம் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

போனஸ் இல்லாதவர்கள்? சட்டம் பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். சத்திரப்பட்டிப் பக்கம் வீட்டிலேயே நாலு தறி வைத்து பேண்டேஜ் துணி நெய்பவருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் சின்னக் கடை ஆளுக்கும் அது போய்ச் சேரவேண்டும் என்று கட்டாயமில்லை. அவர்களுக்குச் சீட்டு. தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு. மாதாமாதம் கட்டினால் ஐப்பசியில் துணிக்குப் பணமோ, ஒரு பெட்டி பட்டாசோ.

இதன் அமெரிக்க அண்ணன் 'கிறிஸ்துமஸ் கிளப்'. 1909ல் பென்சில்வேனியாவின் கார்லைல் என்ற சின்ன ஊரில் ஒரு வங்கி ஆரம்பித்தது. வாரம் கொஞ்சம் கட்டி டிசம்பரில் எடுத்துக்கொள்ளலாம். முதல் வருடம் சுமார் 350 பேர், சராசரியாக 28 டாலர். சீட்டு என்றால் ஓட்டமும் உண்டே. தீபாவளி நெருங்கும்போது சீட்டுப் பிடித்தவர் கம்பி நீட்டிய செய்தி நமக்கு வருடாந்திரச் செய்தி. வெள்ளைக்காரனிடமும் நடந்திருக்கிறது. 2006 அக்டோபரில் இங்கிலாந்தின் ஃபேர்பேக் கம்பெனி மூழ்கியபோது, கிறிஸ்துமஸ் கூடைக்காக மாதாமாதம் கட்டிவந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரின் பணம் போனது. ஏறக்குறைய பாதி திரும்பி வரவே பல வருடம் ஆனது.

என் மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியர். அவருக்கு வேறு வழி. பண்டிகை முன்பணம். வட்டி இல்லை, பத்துத் தவணை. தீபாவளிக்கு வாங்கினால் அடுத்த ஆவணி வரை சம்பளத்தில் பிடிப்பார்கள். 10,000 ரூபாயாக இருந்ததை 2025ல் தமிழக அரசு 20,000 ஆக்கியது. ஆக, சீட்டுக் கட்டுபவர் முந்தைய மாதங்களில் தீபாவளிக்குப் பணம் கொடுக்கிறார். மாமா பிந்தைய மாதங்களில். அப்பாவுக்குப் போனஸ் என்ற பெயரில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம். எப்படிச் சுற்றினாலும் வருடம் முழுக்க உழைத்த காசு ஒரே நாளில் பிள்ளையின் உடம்பில் ஏறுகிறது.

அரசு போக்குவரத்து, மின்வாரிய ஊழியர்களுக்கு அறிவிப்பு வரும்போது 'போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67, மொத்தம் 20' என்று பேப்பரில் போடுவார்கள். கணக்கிடும் சம்பள வரம்பு 7,000 என்பதால் அதிகபட்சம் 16,800 ரூபாய். கொரோனா வந்த 2020ல் மொத்தம் 10 சதவீதம், 8,400. கருணைதான் முதலில் குறையும்.

1965 சட்டத்தின் 10ஆவது பிரிவில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. குறைந்தபட்ச போனஸ் 4 சதவீதம் அல்லது 40 ரூபாய், எது அதிகமோ அது. கணக்கு ஆண்டின் தொடக்கத்தில் 15 வயது நிரம்பாத தொழிலாளி என்றால் 40க்குப் பதில் 25 ரூபாய்.

பிள்ளைக்கும் போனஸ். 14 வயது நிரம்பியவர் தகுதிச் சான்றோடு தொழிற்சாலையில் வேலை செய்ய 1948 தொழிற்சாலைச் சட்டம் இடம் கொடுத்தது, அதனால் இந்த வரி. ஆனால் எங்கள் ஜில்லாவில் வயதுச் சான்றை யார் பார்த்தார்கள்? தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும். எம்.சி.மேத்தா வழக்குத் தீர்ப்பில் சிவகாசி வட்டாரம் பற்றிய கணக்கு உண்டு. 1985 டிசம்பர் முடிவில் பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221, தொழிலாளர்கள் 27,338, அதில் குழந்தைகள் 2,941. அதே காலத்தில் வெளியே புழங்கிய எண் 45,000. பதிவில்லாத ஆபீஸ்களையும் வீட்டில் பெட்டி ஒட்டும் பிள்ளைகளையும் சேர்த்தால் எண் அப்படித்தான் மாறும். 1986 சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டவர்களைத் தடுத்தது. 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

இந்த 25 ரூபாய் வரியை நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமம், 1954ல். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியிருக்கிறார் என்று தெரியும். எப்போதிலிருந்து என்று நான் கேட்டதே இல்லை.

"பன்னெண்டு வயசுலயே போயிட்டேன்யா. தீவாளிக்கு முந்துன வாரம் போனஸ்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எம்புட்டுன்னு இப்ப ஞாபகம் இல்ல."

"அந்தக் காசுல தாத்தா உனக்கு என்ன எடுத்தாரு?"

"தாத்தா எங்க எடுத்தாரு? நான்தான் எடுத்தேன். தம்பிக்கு டவுசர் சட்ட, சின்னவளுக்குப் பாவாட. மிச்சக் காசுக்கு எனக்கு ஒரு தாவணி. பச்சக் கலரு."