டிராம்பேயின் நெருப்பும் லோணாவளையின் நீரும்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு டிராம்பேயின் உயர்ந்த புகைபோக்கிகள் பழகிய காட்சியே. ஆயினும், இந்நகரம் ஒரு காலத்தில் கரியை விட்டு நீரை நாடியது என்பதை நம்மில் பலர் அறியோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயின் பஞ்சாலைகள் நீராவி எந்திரங்களால் ஓடின. அவற்றிற்கான கரி நெடுந்தொலைவிலிருந்து வந்தது. ஆலைப்புகை ஊரைச் சூழ்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கு மாதம் கொட்டும் மழையைத் தேக்கி மின்சாரம் எடுக்கலாம் என்று கருதியவர் ஜம்ஷெட்ஜி டாட்டா. 1904-இல் அவர் மறைந்தார். அவர் மைந்தர்கள் 1910-இல் நிறுவனம் அமைத்தனர். லோணாவளை ஏரிகளின் நீர் 1,700 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கி, 1915-இல் கோபோலியில் மின்சாரமாயிற்று. பின்னர் 1922-இல் பிவ்புரியும் 1927-இல் பீராவும் எழுந்தன. நம் நாட்டுப் பைக்காராவோ 1932-இல்தான் வந்தது!

எனினும் மழை மனிதன் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. விடுதலைக்குப் பின் தொழில்கள் பெருகின, ஏரிகள் பெருகவில்லை. ஆகவே உலக வங்கியின் கடனுதவியுடன் டிராம்பேயில் அனல் மின் நிலையம் எழுந்தது. இடத்தேர்வு கூர்மையானது: நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீர் உண்டு, 1954, 1955-ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டும் அண்டையிலேயே இருந்தன. 1956-இல் 62,500 கிலோவாட் ஆற்றலுடன் முதற்பிரிவு இயங்கலாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், அதே டிராம்பேயில் அப்ஸரா அணு உலை உயிர் பெற்றது. அணு விரைவில் கரியை விரட்டிவிடும் என்று அன்று பலர் நம்பினர். நடந்தது வேறு. 1969-இல் தாராப்பூர் மின்சாரம் தந்தது உண்மையே. ஆனால் இந்திய மின் உற்பத்தியில் அணுவின் பங்கு இன்றும் நூற்றுக்கு மூன்று அளவினதே. நிலக்கரியின் பங்கோ எழுபதுக்கு மேல்.

டிராம்பே மேலும் வளர்ந்தது. 1984-இல் 500 மெகாவாட் பிரிவொன்று அமைந்தது. கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும் எரிக்க வல்லது அது. எரிபொருள் எதுவாயினும் அதன் புகையை முதலில் மூச்சிழுப்போர் மாகுல், செம்பூர் மக்களே. நகரெங்கும் எரியும் விளக்குக்கு அவர்கள் தரும் விலை எந்த மின் கட்டணச் சீட்டிலும் காணப்படுவதில்லை என்பது நம் கருத்து.

2009-இல் வந்த 250 மெகாவாட் பிரிவும் கரியையே நம்பிற்று. அக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலேறி வந்தது. கோபோலியின் சக்கரங்களோ இன்றும் சுழல்கின்றன. நகரின் தேவை திடீரென உயரும் வேளைகளில் அவற்றை உடனே முடுக்கிவிட இயலும்.