வேலி சொல்லும் வரலாறு



ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேர் பார்க்க வீராம்பட்டினம் போகிறோம். அரியாங்குப்பம் தாண்டித்தான் போகணும். அங்கே ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1748-ல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியைப் பிடிக்க வந்தபோது முதலில் மோதியது அந்தக் கோட்டையோடுதான். கோட்டை போயிற்று, நகரம் போகவில்லை. மழைக்காலம் நெருங்கியது, படையில் நோய் பரவியது. அக்டோபரில் முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினார்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது கோட்டைக் கதை இல்லைங்க, வேலிக் கதை. அந்தக் காலத்தில் புதுச்சேரிக்கு மதில் மட்டும் காவல் இல்லை. மதிலுக்கு வெளியே தள்ளி, வடக்கே கடலோரத்தில் தொடங்கி, வளைந்து வந்து அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் முடிகிற மாதிரி ஒரு எல்லை வேலி இருந்தது. கற்றாழையும் முள்செடிகளும் அடர்ந்து, ஊடே தென்னையும் பனையும் நின்ற உயிர்வேலி. வில்லியனூர்ச் சாலை, வழுதாவூர்ச் சாலை போன்ற முக்கியமான வழிகள் அதைக் கடக்கும் இடங்களில் காவல் அரண்கள் இருந்தன. 1760-ல் கர்னல் கூட் படையோடு வந்தபோது இந்த வேலியையும் அரண்களையும் கைப்பற்றிய பிறகே நகரை நெருக்க முடிந்தது. 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. பீரங்கி வைத்திருந்தவனையே தடுத்து நிறுத்திப் பார்த்த வேலி அது.

வட இந்தியாவில் இதைவிடப் பெரிய வேலி ஒன்று இருந்தது. உப்புக்கு வரி வாங்க, சிந்து நதியிலிருந்து ஒரிசாவின் மகாநதி வரை சுமார் 2,300 மைலுக்கு ஆங்கிலேய அரசு சுங்க எல்லை போட்டது. அதில் பல நூறு மைல் உயிர்வேலி. இலந்தை, களா, கருவேல், கள்ளி என்று மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி இடத்துக்கு இடம் செடி மாற்றி நட்டார்கள். அதை முன்னின்று வளர்த்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்தவரும், பறவை ஆராய்ச்சியில் பேர் எடுத்தவரும் இவரே. 1879-ல் அந்தச் சுங்க எல்லையை எடுத்துவிட்டார்கள். ஏழையின் உப்பை மறித்த வேலி போனது நல்லதுதான். ஆனால் செடி வளர்த்த பாடம் நமக்கு வேணும்.

தப்பான செடியால் வந்த பாடமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வேலிக்கு நல்லது என்று பரவி, தென்னாட்டில் நிலத்தையே மூடியது. 1920-களில் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல் கதை உங்களுக்கே தெரியும். வேலியைக் காக்க வந்தது, வேலி தாண்டி ஏரியையும் பிடித்துக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுதான்.

நல்ல வேலிக்கு உதாரணம் காங்கயம் பக்கத்துக் கொறங்காடு. முள்கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்க்கிறார்கள்.

நம்ம பக்கம் இப்போது கல்தூணும் முள்கம்பியும்தான். கம்பி மாட்டைத் தடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பியில் செம்போத்து கூடு கட்டுமா? சாரைப்பாம்பு பதுங்குமா? கீரி குட்டி போடுமா? வயலில் எலியையும் புழுவையும் தின்கிறவர்கள் இவர்கள்தானே. பிரண்டை, கோவை, முடக்கத்தான் எல்லாம் வேலியோடு போய்விட்டன. காற்று விஷயமும் இருக்கிறது. சுவரில் மோதிய காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று அடிக்கும். செடி வேலி காற்றைச் சலித்து விடும். வேலி உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததை மறக்க முடியுமா? அந்த மாதிரிப் புயலை வேலி நிறுத்திவிடாது. ஆனால் தினப்படிக் கடல்காற்றில் ஈரம் காய்வதையும், பெருமழையில் வரப்பு கரைவதையும் குறைக்கும். காற்றில் உள்ள கரியமிலவாயுவையும் கொஞ்சம் இழுத்து வேரிலும் தண்டிலும் சேர்த்து வைக்கும்.

ஆள் எங்கே என்பீர்கள். 1969-ல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று கல்லூரிதோறும் இருக்கிறது. பிள்ளைகள் ஆசையாக வருவார்கள். ஆனால் நாள் பார்த்துக் கூப்பிடணும். சில வருஷம் முன்னே, ஜூலையில் வனமகோத்சவம் என்று மாணவர்களைக் கூட்டி வந்து ஒரு வரப்பு நெடுக நட்டேன். படமும் எடுத்தாச்சு. ஆவணி வெயிலில் பாதி காய்ந்தது, மீதியை ஆடு மேய்ந்தது. பிள்ளைகள் மேல் தப்பில்லை, நாள் குறித்த என் மேல்தான். 1950-ல் தொடங்கிய வனமகோத்சவம் தென்மேற்குப் பருவமழைக்குப் பொருந்தும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்.

ஆகவே புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஓரடி ஆழக் காலெடுத்து, எரு போட்டு, இரண்டு வரிசையாக, முன்னும் பின்னும் மாற்றி, அடிக்கு ஒரு செடி. வெளி வரிசையில் ஆடு வாய் வைக்காத ஆடாதோடை, நொச்சி. உள் வரிசையில் களா, இலந்தை, கிளுவைப் போத்து. இடையிடையே பூவரசு, பனங்கொட்டை. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றணும். அதுவரை பழைய கம்பி இருந்தால் இருக்கட்டும்.

பிள்ளைகள் ஒரு நாள் வந்து நட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் குடம் எடுத்து ஊற்ற வேண்டியது நீங்கள்தான். அந்த இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால், பிறகு வேலி உங்களைப் பார்த்துக்கொள்ளும்.